மாத்திரையை நிறுத்துகிறவரின் கணக்கு

பின்லாந்தில் 2000-க்கும் 2007-க்கும் இடையே மனச்சிதைவு நோய்க்காக முதன்முறையாக மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பிய 2,588 பேரை, நாட்டின் மருந்துப் பதிவேடுகளை வைத்துப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். வீட்டுக்கு வந்த முதல் 30 நாளுக்குள் மருந்துக்கடைக்குப் போய் மாத்திரை வாங்கியவர்கள் 58 சதவீதம். அந்த மருந்தை ஒரு மாதமாவது விடாமல் தொடர்ந்தவர்கள் மொத்தத்தில் 46 சதவீதம். மருத்துவமனை வாசலைத் தாண்டிய சில வாரங்களிலேயே பாதிக்கு மேற்பட்டவர்கள் மருந்துக்கு வெளியே போய்விட்டார்கள். மருந்துச் செலவில் பெரும்பகுதியை அரசே ஏற்றுக்கொள்ளும் நாடு அது. காசில்லை என்ற ஒரே காரணத்தில் இதை அடக்கிவிட முடியாது.

நம் வீடுகளில் இதற்கு ஒரு விளக்கம் தயாராக இருக்கிறது: "சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கிறான்." மருத்துவக் குறிப்பேடுகளில் எழுதப்படுவதும் கிட்டத்தட்ட அதேதான், கொஞ்சம் மரியாதையான சொற்களில். எனக்கு இந்த விளக்கத்தில் உடன்பாடு இல்லை. மாத்திரையை நிறுத்துகிறவர்களில் பெரும்பாலோர் யோசித்துத்தான் நிறுத்துகிறார்கள். தன் உடம்பில் நடப்பதைக் கவனித்து, கூட்டிக் கழித்து ஒரு முடிவுக்கு வருகிறார்கள். அந்தக் கணக்கில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. நம்மில் யார் அந்த இடத்தில் இருந்தாலும் அதே பிழையைத்தான் செய்வோம்.

மனச்சிதைவில் தலைகாட்டும், உளப்பிறழ்வு என்று எழுத்திலும் சைக்கோசிஸ் என்று மருத்துவமனையிலும் சொல்லப்படும் இந்த நிலை, பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோ தொடங்குகிறது. கல்லூரி, முதல் வேலை, கல்யாணப் பேச்சு எல்லாம் வரிசையில் நிற்கிற வயது. ஆளில்லாத இடத்தில் குரல் கேட்கிறது. எதிர்வீட்டுக்காரர் இருமினால் அது தனக்கான சமிக்ஞை. டிவியில் செய்தி வாசிக்கிறவர் தன்னைக் குறித்தே பேசுகிறார். 2003-ல் ஷிதிஜ் கபூர் என்ற மனநல மருத்துவர் இதற்கு ஒரு விளக்கம் முன்வைத்தார். எது முக்கியம், எது கவனிக்கத் தக்கது என்று மூளை முத்திரை குத்துவதில் டோப்பமின் என்ற வேதிப்பொருளுக்குப் பெரும்பங்கு உண்டு. உளப்பிறழ்வில் அது தாறுமாறாகச் சுரக்கும்போது, ஒன்றுமில்லாத விஷயங்கள் மீதெல்லாம் முத்திரை விழுகிறது. இருமலுக்கும் சைகைக்கும் பெரிய அர்த்தம் வந்துவிடுகிறது. அந்த அர்த்தங்களைக் கோத்து அறிவு ஒரு கதையை உண்டாக்குகிறது. அதுவே பிறழ்நம்பிக்கை.

1952-ல் பாரிஸின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் டிலே, டெனிக்கர் என்ற மனநல மருத்துவர்கள் குளோர்புரோமசினைப் பயன்படுத்தியதிலிருந்து இன்றைய ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் வரை, இந்த நோய்க்கான மருந்துகளில் ஏறக்குறைய எல்லாமே டோப்பமினின் டி2 ஏற்பிகளில் தலையிடுகின்றன. முத்திரை குத்தும் வேகம் தணிகிறது. ஆனால் ஏற்கெனவே கட்டப்பட்ட கதை அன்றைக்கே கலைந்துவிடுவதில்லை. "குரல் இருக்கு, ஆனா முன்ன மாதிரி தொந்தரவு பண்ணல" என்று பலரும் முதல் வாரங்களில் சொல்வது இதனால்தான்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. டோப்பமினுக்கு மூளையில் ஒரே வேலை என்றால் எல்லாம் சுலபம். உடல் அசைவை ஒழுங்குபடுத்துவதும் அதுதான், ஒரு காரியத்தில் இறங்கும் ஆர்வத்தைத் தருவதும் அதுதான், பால் சுரக்கவைக்கும் புரோலாக்டினை அடக்கி வைப்பதும் அதுதான். 2000-ல் டொரண்டோவில் கபூர் குழுவினர், முதல்முறை நோய் கண்ட 22 பேரின் மூளையை ஸ்கேன் செய்து அளந்தார்கள். கொடுத்த மருந்து ஹாலோபெரிடால். டி2 ஏற்பிகளில் 65 சதவீதம் அடைபட்டபோது நோய் தணியத் தொடங்கியது. 72-ஐத் தாண்டியபோது புரோலாக்டின் ஏறியது. 78-ஐத் தாண்டியபோது நடுக்கமும் இறுக்கமும் வந்தன. குணத்துக்கும் துன்பத்துக்கும் நடுவே அவ்வளவுதான் இடைவெளி. போதாததற்கு, முதல்முறை நோய் கண்ட இளைஞர்களின் உடம்பு இந்த மருந்துகளின் பக்கவிளைவுகளை மற்றவர்களைவிடக் கூடுதலாகவே உணர்கிறது. குறைந்த அளவே அவர்களுக்குப் போதும். அவசரத்தில் கூடுதலாகக் கொடுக்கப்படுவதும் அவர்களுக்குத்தான்.

இனி அந்த உடம்புக்குள் இருந்து பார்ப்போம். அகத்திசியா என்றொரு பக்கவிளைவு. வெளியே இருந்து பார்ப்பவருக்கு ஒரு பையன் நிலைகொள்ளாமல் நடப்பது மட்டும் தெரியும். உள்ளே, தோலுக்கடியில் ஏதோ துரத்துவது போன்ற தவிப்பு. பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்கார முடியாது. சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு கவளத்துக்குள் எழுந்துவிடத் தோன்றும். படுத்தால் கால் அடங்காது. வீட்டில் இருப்பவர்கள் இதைப் பார்த்து "திரும்ப ஆரம்பிச்சிடுச்சு" என்று பயந்து மருத்துவரிடம் சொல்ல, அவரும் அப்படியே எடுத்துக்கொண்டு அளவைக் கூட்டினால், தவிப்பு இரட்டிப்பாகிறது. அந்தப் பையன் மாத்திரையைத் துப்பாமல் என்ன செய்வான்? அளவைக் குறைத்தால், மருந்தை மாற்றினால், அல்லது புரோப்ரனோலால் போன்ற ஒரு மாத்திரையைச் சேர்த்தால், பெரும்பாலும் அடங்கிவிடக்கூடிய தொல்லை இது. அதற்கு இன்னதென்று அடையாளம் காண ஒருவர் வேண்டும்.

ஒலான்சபின் எடுத்துக்கொள்ளும் இளைஞருக்குப் பசி அடங்குவதேயில்லை. ஓராண்டில் பத்து கிலோவுக்கு மேல் எடை ஏறுவது சாதாரணம். போன தீபாவளிக்கு எடுத்த சட்டை இந்தப் பொங்கலுக்குச் சேராது. காலையில் எழுந்தால் தலை பாரம் பதினொரு மணி வரை போகாது, எட்டு மணி ஷிப்டுக்கு எப்படிப் போவது? ரிஸ்பெரிடோன் சாப்பிடும் பெண்ணுக்கு மாதவிடாய் தள்ளிப்போகிறது. புதிதாகக் கல்யாணமானவள் என்றால் வீடே நாள் தள்ளியிருப்பதாக நினைத்து மகிழ, அவளுக்கு மட்டும் தெரியும் அது மாத்திரையாக இருக்கலாம் என்று. ஆண்களுக்குத் தாம்பத்தியத்தில் வரும் குறைபாடு இன்னும் பேசப்படாதது. புறநோயாளிப் பிரிவில் கிடைப்பது சில நிமிடங்கள். பக்கத்து நாற்காலியில் அம்மா. "வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று மருத்துவர் கேட்கும்போது இருபத்து மூன்று வயதுப் பையன் எதைச் சொல்வான்? "ஒண்ணுமில்ல சார்" என்று எழுந்து வருவான். அவன் கணக்கு அந்த வாரமே முடிந்துவிடும்.

இவற்றையெல்லாம்விட நான் அதிகம் கவலைப்படுவது, அளக்க முடியாத ஒன்றைப் பற்றி. ஆர்வத்தின் வேதிப்பொருளைத் தணித்தால் ஆர்வமும் தணிகிறது. இளையராஜா பாட்டு காதில் விழுகிறது, ஆனால் முன்பு போல உள்ளே எதுவும் அசைவதில்லை. கிரிக்கெட் பார்க்கிறான், யார் ஜெயித்தால் என்ன என்றிருக்கிறது. இந்த மந்தத்தில் நோயின் பங்கும் உண்டு, நோய் தணிந்தபின் வரும் மனச்சோர்வின் பங்கும் உண்டு. உள்ளே இருப்பவரால் அதையெல்லாம் பிரித்துப் பார்க்க முடியாது. கண்ணுக்குத் தெரிகிற ஒரே குற்றவாளி அந்த மாத்திரை அட்டைதான். இன்னொன்றும் உண்டு. நோய் நாட்களில் தான் உலகத்தைக் காக்க வந்தவன் என்று நம்பியிருந்தவர், குணமானபின் அரியர் பேப்பர் எழுத வேண்டிய சாதாரண மாணவராகக் கண்விழிக்கிறார். தினமும் பேசிய குரல் போய், அறை வெறிச்சென்று கிடக்கிறது. இப்படியொரு இழப்பு இருக்கிறது என்பதே வீட்டில் யாருக்கும் தோன்றுவதில்லை.

நோய் இருப்பதையே உணராத நிலையும் ஒரு பெரிய காரணம். அது இந்த நோயின் கூறுகளில் ஒன்று. வீம்பு என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் நோயை முழுதாக உணர்ந்தவர்களும் நிறுத்துகிறார்கள். அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் எலின் சாக்ஸ், மனச்சிதைவோடு தான் வாழ்ந்த வாழ்க்கையை 2007-ல் நூலாக எழுதினார். ஆக்ஸ்போர்டில் படித்தவர், யேலில் சட்டம் பயின்றவர். அவ்வளவு கூர்மையான அறிவு கொண்டவரே பல ஆண்டுகள் மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும், நொறுங்கி விழுவதும் மறுபடி தொடங்குவதுமாக இருந்திருக்கிறார். எல்லார் மனதிலும் இத்தகைய குழப்பமான எண்ணங்கள் உண்டு, மற்றவர்கள் அதை மறைத்துச் சமாளிக்கக் கற்றிருக்கிறார்கள் என்று அவர் நம்பியிருந்தார். மருந்தில்லாமல் இருக்க முடிந்தால் தனக்கு நோயே இல்லை என்று நிரூபணமாகிவிடும். ஒவ்வொரு முறை நிறுத்தியதும் அவருக்கு ஒரு பரீட்சை.

அந்தப் பரீட்சையில்தான் நான் சொன்ன பிழை ஒளிந்திருக்கிறது. மாத்திரையை நிறுத்திய முதல் வாரத்தில் பெரும்பாலும் கெடுதல் எதுவும் நடப்பதில்லை. நல்லதுதான் நடக்கிறது. காலைத் தலைபாரம் போகிறது. கை நடுக்கம் குறைகிறது. பாட்டு மறுபடி இனிக்கிறது. "இத்தனை நாளா இந்த மாத்திரைதான் என்னைக் கெடுத்திருக்கு" என்று அவர் முடிவு செய்தால் அதில் என்ன தப்பு? கண்ணால் கண்டது அதுதானே. நோய் திரும்புவதோ பல வாரங்கள், பல மாதங்கள் கழித்து. கோடையில் ஏரிக்கரையை வெட்டிவிட்டால் அன்றைக்கு எதுவும் ஆகாது, ஐப்பசி மழைக்குத்தான் தெரியும். அதற்குள் கரையை வெட்டியதே மறந்துபோயிருக்கும். முதலில் தூக்கம் குறைகிறது, பிறகு சந்தேகம் மெல்ல எட்டிப் பார்க்கிறது. அந்த நேரத்தில் வேலையிடத்தில் ஒரு சண்டை, வீட்டில் ஒரு சாவு என்று ஏதாவது இருக்கத்தான் செய்யும். பழி அதன்மேல் விழுகிறது. செயலுக்கும் விளைவுக்கும் இடையே இவ்வளவு தூரம் இருந்தால் அனுபவத்திலிருந்து பாடம் கற்க எந்த மனித மூளையாலும் முடியாது. மருந்தின் தீமை இன்றைக்கே கைமேல் தெரிகிறது. அதன் நன்மையோ, ஏதோ ஒன்று நடக்காமல் இருப்பது. நடக்காத ஒன்றை யாரால் பார்க்க முடியும்?

அனுபவத்தால் பார்க்க முடியாததை எண்ணிக்கையால் பார்க்கலாம். நியூயார்க்கில் முதல்முறை நோய் கண்ட 104 பேரைத் தொடர்ந்து கவனித்த ராபின்சன் குழுவினரின் ஆய்வு 1999-ல் வெளிவந்தது. ஐந்தாண்டுக்குள் ஏறத்தாழ 82 சதவீதம் பேருக்கு நோய் மீண்டும் வந்தது. மருந்தை நிறுத்தியவர்களுக்கு அந்த ஆபத்து கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. ஹாங்காங்கில் இன்னும் கறாராகப் பார்த்தார்கள். குறைந்தது ஓராண்டு மருந்தில் நலமாக இருந்த 178 பேரில் ஒரு பாதிக்கு மருந்தும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். அடுத்த ஓராண்டில் நோய் திரும்பியது, மருந்து எடுத்தவர்களில் 41 சதவீதத்துக்கு, வெற்று மாத்திரைக்காரர்களில் 79 சதவீதத்துக்கு. பத்தாண்டு கழித்து அவர்களையே தேடிப் பார்த்தபோது, மோசமான நிலையில் இருந்தவர்கள் முதல் பிரிவில் 21 சதவீதம், இரண்டாவதில் 39 சதவீதம்.

இந்த எண்களை அச்சுறுத்தலாக வாசிக்க வேண்டாம். அவை இன்னும் இரண்டு விஷயங்களைச் சொல்கின்றன. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டும் நோய் திரும்பியவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். "போட்டுக்கிட்டுதானே இருந்தேன், அப்பவும் வந்துச்சே" என்பவர் பொய் சொல்லவில்லை. அடுத்தது, ஐவரில் ஒருவர் அளவுக்கு ஐந்தாண்டில் இரண்டாம் முறை நோயே வராமலும் இருந்திருக்கிறார்கள். அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டிச் சொல்லும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை கிடையாது. "அந்த ஒருத்தன் நானா இருக்கக் கூடாதா?" என்பது நியாயமான கேள்வி. அதை மருத்துவரின் மேஜைமேல் வைத்துப் பேச முடிந்தால் ஒரு வழி உண்டு. அந்தக் கேள்விக்கு இடமே இல்லாதபோது அது குளியலறைக் குழாயடியில் தனியாகத் தீர்மானிக்கப்படுகிறது.

நம் ஊரில் இதோடு கல்யாணமும் சேர்ந்துகொள்கிறது. வரன் பார்க்கும் காலத்தில் மாத்திரை அட்டை வீட்டில் இருக்கக் கூடாத பொருளாகிறது. மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லாமல் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால், புகுந்த வீட்டில் அவள் எங்கே வைத்து, எப்போது விழுங்குவாள்? கல்யாண வாழ்க்கை முறிந்துபோன, மனச்சிதைவு கண்ட பெண்களின் துயரத்தைச் சென்னையின் ஸ்கார்ஃப் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர் தாராவும் அவருடைய சகாக்களும் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதியிருக்கிறார்கள்.

வீட்டார் செய்யும் இன்னொரு காரியம், மாத்திரையைப் பொடித்துக் காபியிலோ சாம்பாரிலோ கலந்து கொடுப்பது. பெற்ற வயிற்றின் தவிப்பு புரியாமல் இதை எழுதவில்லை. ஆனால் இதன் விளைவை நினைத்துப் பாருங்கள். கண்டுபிடிக்காதவரை அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மாத்திரை இல்லாமலே நன்றாக இருக்கிறேன். கண்டுபிடித்துவிட்டாலோ, சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்ற அவருடைய பழைய சந்தேகம் உண்மையாகிவிடுகிறது. அதற்குப் பிறகு அம்மா கையால் ஒரு வாய் வாங்குவாரா?

அந்தக் குடும்பம் வேறுவிதமாகப் பயன்பட முடியும். ஸ்கார்ஃப் நிறுவனமும் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகமும் சேர்ந்து, இரு நகரங்களிலும் முதல்முறை நோய் கண்டவர்களை இரண்டாண்டு பின்தொடர்ந்தன. சென்னையில் குடும்பத்தினர் சிகிச்சைக் குழுவோடு வைத்திருந்த தொடர்பு மான்ட்ரியாலைவிடப் பன்மடங்கு நெருக்கமாக இருந்தது. இது பெரிய செல்வம். தினமும் இரவு "தம்பி, மாத்திரை போட்டியாப்பா?" என்று விசாரிப்பதில் மட்டும் அதைச் செலவழிக்க வேண்டியதில்லை. "அந்த மாத்திரை போட்டா உனக்கு என்ன பண்ணுது?" என்றும் கேட்கலாம். கேட்டுவிட்டு, வந்த பதிலை அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோகலாம். மருத்துவரைப் பிள்ளை தனியாகப் பார்க்க ஐந்து நிமிடம் வெளியே உட்காரலாம்.

மருத்துவத்திடமும் கொடுக்க நிறைய இருக்கிறது. மருந்துகள் ஒன்றுபோல் ஒன்றில்லை, ஒன்று ஒத்துவராதவருக்கு இன்னொன்று ஒத்துவரும். எடை ஏறுவதை மெட்ஃபார்மினும் நடைப்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் குறைக்கும் என்று சீனாவில், முதல்முறை நோய் கண்டவர்களிடமே நடத்திய ஆய்வு 2008-லேயே காட்டிவிட்டது. தினசரி மாத்திரையே பெரிய சுமை என்பவருக்கு வாரங்கணக்கில் நின்று வேலை செய்யும் ஊசி இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் 86 பேரிடம் நடந்த ஓராண்டு ஆய்வில், ஊசி போட்டுக்கொண்டவர்களில் 5 சதவீதத்துக்கும் மாத்திரைக்காரர்களில் 33 சதவீதத்துக்கும் நோய் மீண்டும் தீவிரமானது. இங்கே ஊசி என்றால் தண்டனை, கடைசி ஆயுதம் என்ற எண்ணம் நோயாளிகளுக்கு மட்டுமல்ல, மருத்துவர்கள் பலருக்கும் இருக்கிறது. தொடக்கத்திலேயே ஒரு தேர்வாக அதைச் சொல்ல வேண்டும் என்பேன்.

காலம் முழுக்கச் சாப்பிட வேண்டுமா? இதற்கு ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. நெதர்லாந்தில் வுண்டரிங்க் குழுவினர், அளவைக் கவனமாகக் குறைத்துப் பார்த்தவர்களுக்கு முதலில் நோய் அதிகமாகத் திரும்பினாலும், ஏழாண்டு முடிவில் அவர்களில் 40 சதவீதம் பேர் முழு மீட்சி கண்டிருந்ததையும், வழக்கமான அளவில் தொடர்ந்தவர்களில் 18 சதவீதம் பேரே அதை எட்டியிருந்ததையும் 2013-ல் தெரிவித்தார்கள். பெரிய நம்பிக்கை பிறந்தது. ஆனால் பிரிட்டனில் 253 பேரிடம், ஒரு முறைக்கு மேல் நோய் கண்டவர்களிடம், மெதுவாகக் குறைத்துப் பார்த்த ஆய்வு 2023-ல் வந்தபோது, இரண்டாண்டில் வாழ்க்கைத் திறனில் முன்னேற்றம் தெரியவில்லை. கடுமையாக நோய் திரும்பியது குறைத்தவர்களில் 25 சதவீதத்துக்கு, தொடர்ந்தவர்களில் 13 சதவீதத்துக்கு. இரண்டையும் வைத்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: குறைக்க நினைப்பது குற்றமில்லை. முதல் ஓரிரு ஆண்டு நலமாகக் கடந்தபின், மருத்துவரின் கண்பார்வையில், மாதக்கணக்கில் சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும். சிறிய அளவு மருந்தே டி2 ஏற்பிகளில் பெரும்பகுதியை அடைத்துவிடுவதால், கடைசிச் சில மில்லிகிராம்களை விடும்போதுதான் மூளை பெரிய மாற்றத்தைச் சந்திக்கிறது. ஒரே நாளில் நிறுத்துவது எந்த விதத்திலும் சரியில்லை.

இதை வாசிக்கிற நீங்கள் ஏற்கெனவே நிறுத்தியிருந்தால், மறைக்க வேண்டாம். அடுத்த முறை போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாமல் இந்த வாரமே மருத்துவரிடம் சொல்லுங்கள். பயந்துபோய் பழைய அளவிலேயே நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம். முக்கியமாகக் குளோசபின் சாப்பிடுகிறவர்கள் இரண்டு நாளுக்கு மேல் விட்டிருந்தால், சிறிய அளவிலிருந்து மருத்துவர் மேற்பார்வையில்தான் ஏற்ற வேண்டும். மருத்துவரை உடனே பார்க்க வழியில்லையென்றால் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் இலவச எண் 14416 இருக்கிறது. 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். நிறுத்தியதற்கான காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்கேற்பத்தான் அடுத்த மருந்தை முடிவு செய்ய முடியும்.